நாற்சார் வீட்டைக் கழற்றிப் பூட்டலாமா?

பெரியம்மா வீட்டுத் திண்ணைத் தூணில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு கிடக்கிறது. றோட்டை அகலிக்க அளக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கோடு. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் றோட்டுக்கு, பின்னால் இருப்பது எங்களுக்கு. அப்படிப் பார்த்தால் சங்கடப்படலை போகும், திண்ணை போகும், தலைவாசலில் பாதி போகும், மிச்சப் பாதி கூரைக்குத் தாங்கல் இல்லாமல் அடுத்த மாரிக்கு முன்னாலேயே தானாக விழும். ஆக, முழு வீடும்தான் போகிறது.

கோடு விழுந்த அதே கிழமை பழைய மரச் சாமான் வாங்குகிற ஒருவர் லொறியோடு வந்து நின்றார். கதவு நிலை, பனஞ்சலாகை, ஓடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். சொந்தக்காரர் பாதிப் பேர் "குடுத்துப்போட்டுப் பின்னுக்கு ஒரு பிளாட் அடியுங்கோ" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் பழைய வீட்டைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த வழியைத்தான் இங்கே விரிவாக எழுதப் போகிறேன். நாற்சார் வீட்டைக் கழற்றலாம், இன்னொரு இடத்தில் பூட்டவும் முடியும். கழற்றுகிற வேலை எங்கள் ஊரில் ஒவ்வொரு மாதமும் நடக்கிறது, திரும்பப் பூட்டுகிற வேலைதான் நடக்காமல் இருக்கிறது.

நாற்சார் வீடு என்றதும் பெரிய பணக்கார வீட்டைத்தான் பலரும் நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் பக்கத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரர் வீடுகளும் அந்த முறையில் கட்டப்பட்டவைதான், அளவு மட்டும் சின்னது. நடுவில் வானம் தெரிகிற முற்றம், நாலு பக்கமும் முற்றத்தைப் பார்த்துச் சரிகிற கூரை, உள்விறாந்தை, அதற்குப் பின்னால் அறைகள். முன்னால் ஆம்பிளைகளும் வந்தவர்களும் இருக்கத் தலைவாசல், தெருவோடு ஒட்டிச் சங்கடப்படலை. சங்கடப்படலை என்றால் கூரை போட்ட படலை, வெயிலில் நடந்து வருகிறவர் உள்ளே கேட்காமலே நின்று களை ஆற ஒரு நிழல். பின்பக்கம் கிணறு, மாட்டுக்கொட்டில், புகையிலை போடுகிற கொட்டில். பெரியம்மா வீட்டு முற்றத்தில் நெல்லும் காய்ந்தது, மிளகாயும் காய்ந்தது, கலியாணப் பந்தலும் அங்கேதான் போட்டார்கள். அறைக்குள் யாரும் பகலில் இருந்து நான் கண்டதில்லை, வீட்டின் முழு வாழ்வும் அந்த விறாந்தையிலும் முற்றத்திலுமே நடந்தது.

இந்த வீடுகளை ஏன் றோட்டு இப்படிக் குறி வைக்கிறது? ஒருவரும் வேண்டுமென்று செய்வதில்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கு முன்னால் ஓடினது வண்டில் போகிற ஒழுங்கை. தலைவாசலும் படலையும் ஒழுங்கையைப் பார்த்து, ஒழுங்கைக்குக் கிட்டத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படலைக்கே அர்த்தமில்லை. வளவு பின்னுக்கு நீண்டு போகும், வீடு முன்னுக்கு நிற்கும். இன்றைக்கு அந்த ஒழுங்கை காப்பெற் றோட்டாகி, இரண்டு பக்கமும் வடிகால் வேண்டும், நடைபாதை வேண்டும் என்று வரும்போது முதலில் அகப்படுவது வேலி, அடுத்தது திண்ணை. புதுசாகக் கட்டினவர்கள் மதிலுக்கு உள்ளே முப்பது அடி தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், அவர்களுக்கு மதில் மட்டுந்தான் போகும். இதேபோல் றோட்டோரம் நிற்கிற சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், சின்ன மடம், கேணிப் படிக்கட்டு எல்லாம் அகலிப்பு என்றதும் முதல் அடி வாங்குகிறவை. தலையில் சுமையோடு போனவனுக்கும் தண்ணீர் குடித்துவிட்டு முதுகு தேய்த்த மாட்டுக்கும் வைத்த கல்லுகள், தெருவை விட்டுத் தள்ளி எப்படி நிற்கும்?

சட்டம் காப்பாற்றாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இலங்கையின் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு திகதியை வைத்துத்தான் கட்டடங்களைப் பார்க்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அதற்கு முந்தைய கட்டடமென்றால் பழைமைச் சின்னம் என்ற வகைக்குள் வரும். எங்கள் பக்கத்துத் தோட்டக்கார வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, புகையிலைக் காசு புழங்கின காலத்தில் எழும்பினவை. ஆகவே தானாக ஒரு பாதுகாப்பும் இல்லை. ஆனால் 100 வருடம் கடந்த கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க இடம் இருக்கிறது. அதை யாராவது கேட்க வேண்டும், கோடு போட முதல் கேட்க வேண்டும். அறிவித்துவிட்டால் எல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். நல்லூரில் பருத்தித்துறை வீதியோரம் நிற்கிற, அப்படி அறிவிக்கப்பட்ட பழைய கட்டடமான மந்திரிமனையை அறியாதவர் இல்லை, 2025 செப்டெம்பர் மழையில் அதிலேயே ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அறிவித்தல் கட்டடத்தை இடிக்கிற கையைத் தடுக்கும், ஒழுகுகிற கூரையை ஒருநாளும் மேயாது.

காணி எடுக்கிறது வேறு சட்டம், 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். இதன் படிகளை அறிந்து வைத்திருப்பது நல்லது. 2 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் இன்னும் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பொருள். 4 ஆம் பிரிவு அறிவித்தல்தான் எடுக்க எண்ணம் உண்டு என்று சொல்வது, ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்க வேண்டிய நேரம் அது. 7 ஆம் பிரிவு வந்துவிட்டால் பேச்சு நட்டஈட்டுக்குப் போய்விடும். அவசரம் என்று காட்டினால் 38 ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் கீழ் விசாரணை முடிய முன்னரே கையேற்கவும் வழி உண்டு. நாங்கள் செய்த பிழை, முதல் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தது. மதிப்பீட்டுக் கடதாசியில் பெரியம்மா வீட்டைப் பற்றி இருந்தது "பழைய ஓட்டு வீடு" என்ற மூன்று சொல்தான். அந்த மூன்று சொல்லை வாசித்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் எழும்பிக் கிணற்றடிக்குப் போனது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வீட்டை நகர்த்துவதைப் பற்றிப் பேச முதல், அந்தச் சிவப்புக் கோட்டை நகர்த்தக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் வெறும் வளவாக இருக்கிற இடத்தில் அகலிப்பை அந்தப் பக்கமாக முழுக்கத் தள்ளச் சொல்லலாம், வடிகாலை அந்த ஐம்பது அடிக்கு மட்டும் மூடியதாகப் போடச் சொல்லலாம். றோட்டும் பழைய கட்டடமும் ஒன்றாய் இருக்க முடியாது என்று சொல்கிறவர்களைப் பருத்தித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தும்பளை வழியில் நிற்கிற தெருமூடிமடத்தைக் காட்ட வேண்டும். பெயரே சொல்கிறது, தெருவை மூடி நிற்கிற மடம். இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கத் திண்ணை, கல்லுத் தூண், மேலே கூரை, நடுவால் றோட்டு. அந்த மடத்துக்குக் கீழால் சைக்கிளில் போகும்போது ஒரு கணம் வெயில் அறுபட்டுக் குளிர்ச்சி முகத்தில் படும்.

எங்கள் விசயத்தில் கேட்டோம், பிந்திக் கேட்டோம், கோடு அசையவில்லை. அப்புறம்தான் நகர்த்துகிற கதை தொடங்கினது.

இது உலகத்துக்குப் புதிது இல்லை. சுவீடனில் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891 இல் ஸ்டொக்ஹோமில் ஸ்கன்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கி, நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் கமக்காரர் வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார். இங்கிலாந்தில் எக்செற்றர் நகரில் 1961 இல் புது றோட்டுக்கு இடைஞ்சலாக நின்ற பழைய மரச்சட்ட வீடு ஒன்றைக் கழற்றாமலே சில்லுப் பூட்டி, அப்படியே மேட்டில் இழுத்துக்கொண்டு போய் வைத்தார்கள், இன்றும் அதை "நகர்ந்த வீடு" என்றுதான் சொல்கிறார்கள். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 இல் திறந்த தட்சிணசித்ராவில் தமிழ்நாட்டு வீடும் கேரள வீடும் கழற்றிக் கொண்டுவரப்பட்டு எழும்பி நிற்கின்றன. கேரள வீடு எங்களுக்குப் பாடமாகும், அதுவும் மரத்தாலும் ஓட்டாலும் சாய்ப்பாலும் ஆனது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960 தொடக்கம் 1962 வரை கொழும்பில் எனா டி சில்வா என்ற பத்திக் (மெழுகு பூசித் துணிக்குச் சாயமிடுகிற) கலைஞருக்குக் கட்டிக் கொடுத்த வீடு. நடுமுற்றம், அதைச் சுற்றிய தூண், சரிந்த ஓட்டுக் கூரை என்று பழைய வீட்டு முறையைப் புதுக் காலத்துக்கு எடுத்த வீடு அது. காணி கைமாறி, வீடு இடிபடுகிற நிலை வந்தபோது 2009 இல் அதைக் கழற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஓட்டுக்கும் மரத்துக்கும் எங்கே இருந்தது என்று குறிப்பு எழுதி, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுணுகங்க தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடுக்கி, 2016 இல்தான் வீடு திரும்ப முழுசாக நின்றது. கழற்றினதற்கும் முடித்ததற்கும் இடையில் ஏழு வருடம், இதை மறக்கவே கூடாது. கழற்றுகிறது சில மாத வேலை. எழுப்புகிறதற்குப் பொறுமையும் காசும் வேண்டும், இரண்டில் ஒன்று தீர்ந்தால் லொறிச் சாமான் மழையில் கிடந்து உக்கிப் போகும்.

ஜாக்கி வைத்து முழு வீட்டையும் தூக்கலாம் என்று ஒரு மருமகன் யூடியூப்பில் காட்டினான். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் அப்படித் தூக்குகிறார்கள், உண்மை. அது கொங்கிறீற் வளையம் ஓடுகிற வீட்டுக்குச் சரி. எங்கள் பழைய சுவர் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் குவித்துக் கட்டினது, அத்திவாரமும் ஆழம் குறைவு, ஒரு மூலையைத் தூக்கினால் மற்ற மூலை பிளக்கும். ஆகவே ஒரே வழி, கழற்றுவது.

கழற்றுவதில் முதல் வேலை சுத்தியல் பிடிப்பது இல்லை, அளவு நாடா பிடிப்பது. பக்கத்து ஊரில் வரைபடம் கீறுகிற ஒரு தம்பி ஒன்பது நாள் வந்து போனார். அறை அறையாக நீளம், அகலம், சுவர்த் தடிப்பு, நிலையின் உயரம், படி எத்தனை அங்குலம், முற்றத்துத் தண்ணீர் எந்த மூலையால் வெளியே போகிறது என்பது வரை. ஒவ்வொரு சுவருக்கும் ஒரு எழுத்து, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு இலக்கம். சோக்கில் எழுதினால் ஒரு மழைக்கு அழிந்துவிடும், அதனால் அலுமினியத் தகட்டில் இலக்கம் அடித்து, வெளியே தெரியாத பக்கத்தில் சின்ன ஆணியால் பதித்தோம். கழற்றுகிற ஒவ்வொரு நாளும் படம். வீடு நிற்கும்போது எடுத்த அளவில் ஒரு அங்குலம் பிழைத்தால், பிறகு எதைப் பார்த்துத் திருத்துவது?

கூரையை மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். முதலில் முகட்டு ஓடு, பிறகு வரிசை வரிசையாக மற்ற ஓடு, பிறகு சலாகை, கைமரம், கடைசியாக முகட்டு வளையும் தீராந்தியும். தலைவாசலுக்கு மேல் பழைய பீலி ஓடு, அறைகளுக்கு மேல் பிறகு மாற்றின மங்களூர் ஓடு. ஓட்டைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது, நிறுத்திச் சாய்த்து அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ் அடுக்கு வெடிக்கும். பீலி ஓடு ஒன்றைத் திருப்பினபோது உட்பக்கத்தில் நாலு விரல் இழுபட்ட தடம் இருந்தது. ஈரக் களிமண்ணை அச்சில் வைத்துத் தடவினவரின் கை. அதை எடுத்த பெடியன் வேலையை விட்டுவிட்டுத் தன் விரலை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பனைமரம் எங்களுக்குக் கிடைத்த வரம். முற்றிய பனையின் வெளிவைரம் கறுத்து இரும்பு மாதிரி இருக்கும், கறையானுக்கு அதில் பல்லு இறங்காது. கூரைக்குள் காய்ந்து கிடந்த சலாகைகளில் பத்துக்கு எட்டு இன்னும் நல்லாய் இருந்தன, சுவருக்குள் செருகின நுனிகள்தான் ஈரம் குடித்து இத்துப் போயிருந்தன. அந்த நுனியை வெட்டி, அதே வைர மரத்தில் துண்டு ஒட்டுப்போட்டுத் திரும்பப் பாவிக்கலாம். பெரிய மரங்கள் ஆணியால் அறையாமல் பொளியும் நாக்குமாகப் பொருத்தி, மர முளை அடித்தவை. முளையைத் தட்டினால் மரம் கழன்று கையில் வரும். மூத்த ஓடாவியார் கிழக்குப் பக்கக் கைமரத்தைக் கழற்றி, பொளியைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பொளிக்குப் பக்கத்தில் உளியால் மூன்று கீறல். அது போய்ப் பொருந்துகிற தீராந்தியிலும் மூன்று கீறல். அடுத்ததில் நாலும் நாலும். "தம்பி, நாங்கள் இப்ப தகடு அடிக்கிறம், அந்த மனிசன் அப்பவே நம்பர் போட்டுத்தான் ஏத்தியிருக்கு" என்றார். வீட்டைக் கட்டினவர் கீழே நிலத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து, குறி போட்டு, கழற்றி, மேலே ஏற்றிப் பூட்டியிருக்கிறார். இந்தக் கூரை ஏற்கெனவே ஒருதரம் கழன்று பூட்டப்பட்ட கூரை.

சுவர் வேறு கதை. உடைகல்லுக்கு இலக்கம் போட்டு ஒரு பயனும் இல்லை, உருவம் இல்லாத கல். செதுக்கின கல் மட்டும், அதாவது நிலைக்குக் கீழே போட்ட படிக்கல், தூண் நிற்கிற பாதக்கல், முற்றத்து விளிம்புக் கல் ஆகியவை இலக்கத்தோடு போக வேண்டும். மற்றதைக் குவியலாக எடுத்துப் புதுச் சுவருக்குப் பாவிக்கலாம். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெல்லியது, உளியால் தட்டக் கல் காயமில்லாமல் கழன்று வரும். காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்து ஆலை வந்தது, அதற்குப் பிறகு ஊரெல்லாம் திருத்த வேலைக்குச் சீமெந்துதான். பெரியப்பா வெடிப்புக்குச் சீமெந்து பூசின இடங்களில் எல்லாம் கல்லு உடைந்துதான் வந்தது. சீமெந்து கல்லை விடாது, ஈரத்தையும் வெளியே விடாது. மாரியில் சுவர் குடித்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகப் பங்குனிக்குள் காய்ந்துவிடும், சீமெந்துப் பூச்சுக்குள் அகப்பட்டால் உப்பாகி உள்ளேயே கல்லைத் தின்னும். புதுச் சுவரையும் சுண்ணாம்பில்தான் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது இதனால்தான். மேசன்மார் இரண்டு பேர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள், மூன்றாவது ஆள் கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர், அவர் நின்றார்.

எங்கே கொண்டுபோய் வைக்கிறது? 1964 இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் 7 ஆம் உறுப்புரை, ஒரு சின்னத்தை அதன் வரலாற்றிலிருந்தும் அது நிற்கிற இடத்திலிருந்தும் பிரிக்க முடியாது, காப்பாற்ற அது தேவைப்பட்டாலோ, மிக முக்கியமான தேசிய அல்லது சர்வதேச நலன் நியாயப்படுத்தினாலோதான் நகர்த்தலாம் என்ற கருத்தைச் சொல்கிறது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சாசனம் படித்துச் சொல்லத் தேவையில்லை. வீடு கட்ட முதல் நிலையம் எடுப்பது என்று ஒன்று இருக்கிறதே, வளவில் எந்த இடம், எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்று பார்ப்பது. ஒரு சுற்றுலா விடுதிக்காரர் முழு வீட்டையும் கேட்டார், நல்ல காசும் சொன்னார். குத்தகைக்கு ஆள் தங்குகிற அறையாக, நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் அது நிற்கும். நான் இரண்டு நாள் யோசித்தேன், ஏனென்றால் அழிவதைவிட அதுவும் மேல். பெரியம்மா மாட்டேன் என்றார். அதே வளவில் நாற்பது அடி பின்னுக்கு, அதே கிழக்கு வாசலோடு, அதே கிணறு அதே மூலையில் வருகிற மாதிரி வைப்பது என்று முடிவாயிற்று. நீண்ட வளவு இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான், தூரம் போகப் போக வீட்டில் மிஞ்சுவது மரமும் ஓடும் மட்டும்.

அந்த நாற்பது அடிக்குத்தான் அதிகம் இழுபட்டோம். முன்வளவும் வீடும் பெரியம்மாவுக்குச் சீதனமாக வந்தவை, பின்வளவு சகோதரங்களோடு பங்கு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு இருக்கிற உரிமை சின்னது இல்லை. ஒருவர் கனடாவில் ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில். அவர்கள் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தருகிற அற்றோணித் தத்துவம் எழுதி வந்துசேர ஐந்து மாதம், அதற்குள் ஒரு மாமா "அந்தப் பழசுக்கு ஏன் இவ்வளவு பாடு" என்று கேட்டார். அவருக்கு முற்றத்தின் படம் ஒன்றை அனுப்பினேன், அவர் நடை பழகின முற்றம். அடுத்த நாள் கையெழுத்து வந்தது. நட்டஈடு பேசும்போது கழற்றுகிற சாமான் எங்களுக்கே என்று எழுத்தில் வாங்கினதும் முக்கியம், வாயால் சொன்னது இடிக்கிற நாளில் நிற்காது.

ஒருநாள் ஓடு இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்று பார்த்துவிட்டு அழுதார். வன்னியில் 2008 இல் போரால் இடத்துக்கிடம் ஓடினபோது கூரை ஓட்டையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு இடத்திலும் பூட்டி, கழற்றி, பாரம் தாங்காமல் வழியில் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு, கடைசியில் ஒரு தகரம்கூட மிஞ்சவில்லை. வீட்டைக் கழற்றுவது என்றால் எங்கள் சனத்துக்கு அந்த ஞாபகம்தான் வரும். அவர் அழுது முடித்துவிட்டுத் தானே வந்து ஓடு கை மாற்றிக் கொடுத்தார். மத்தியானம் வரை நின்றார்.

இப்போது மரமெல்லாம் வேப்பெண்ணெய் பூசிப் புகையிலைக் கொட்டிலுக்குள் இலக்கப்படி அடுக்கியிருக்கிறது. பின்வளவில் அத்திவாரம் வெட்டியாயிற்று. சுண்ணாம்பு குழியில் ஊறுகிறது, அது தண்ணீருக்குள் கிடக்கக் கிடக்கத்தான் வெண்ணெய் மாதிரி வரும், அவசரப்படுத்தினால் சாந்து பின்பு வெடிக்கும் என்று மேசனார் சொல்லியிருக்கிறார். பெரியம்மா காலையும் பின்னேரமும் போய்க் குழியை எட்டிப் பார்த்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்காவிட்டால் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து ஊற்றுகிறார்.